காலியாக விடாத கட்டம்

ஜெபக்கனிக்குப் பிடரி வலித்தது. உப்பளத்தை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் காலை பதினொரு மணி ஆனால் கழுத்துக்குக் கீழே ஒரு இடம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலையில் பதினெட்டாவது பெட்டி உப்பு ஏறிய நேரம் அது. இப்போது ஏசி அறை, சுழல் நாற்காலி, முன்னால் பெரிய திரை. உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய நேரத்துக்குப் பழைய வலியை அது தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் உப்பளங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு தொழிலாளர் கூட்டமைப்பு உண்டு. அதன் தரவுப் பிரிவில் அவள் மூத்த ஆபரேட்டர். மூவாயிரத்து எண்ணூறு பேருடைய அட்டைகள் அவள் கையில். யாருக்கு எந்தப் பாத்தியில் வேலை, யாருக்குக் கண் பரிசோதனை, யாருக்குக் கால் உறை, எல்லாமே அந்த அட்டையை வைத்துத்தான். முக்கியமாகத் தண்ணீர். மே மாத வெயில் நாற்பத்தாறு டிகிரிக்குக் குறையாத காலம் வந்துவிட்டிருந்தது. பாத்திகளுக்கு இடையே ஆளில்லாத வண்டிகள் ஒன்பது ஓடும். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, பேரைச் சொல்லி, அளந்து ஊற்றிவிட்டுப் போகும்.

அன்று காலை அவள் செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலை. முந்தின நாள் மதியம் பாத்தி ஓரத்தில் சுருண்டு விழுந்து செத்துப்போன கொம்பையாவின் அட்டையை மூட வேண்டும். பக்கத்தைத் திறந்து ‘இறந்த தேதி’ என்ற கட்டத்துக்கு வந்தாள்.

கட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. மே 14.

‘யாரோ நமக்கு முன்னால் போட்டுவிட்டார்கள்’ என்று நினைத்துக்கொண்டு, எப்போது போட்டார்கள் என்று பார்த்தாள். பதிவான நாள் மார்ச் 3 என்றிருந்தது.

கொம்பையா சாவதற்கு எழுபத்திரண்டு நாள் முன்பு.

கொம்பையா சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. “கொம்பையா அண்ணனுக்கு ஒரு வாரமா வண்டி நிக்கலளா. பேரே சொல்லாமப் போவுது. வண்டிக்குத் தெரிஞ்சிருக்குன்னு பேசிக்கிடுதாவ.” அப்போது ஜெபக்கனி சிரித்திருந்தாள். “வண்டிக்கு என்னம்மா தெரியும், அது என்ன எமனா? டயர்ல காத்துப் போனாக்கூட அதுக்குத் தெரியாது.”

மார்ச்சுக்குப் பிறகு இறந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். மற்ற ஆறு அட்டைகளையும் திறந்தாள். எல்லாவற்றிலும் தேதி மார்ச் 3 அன்றே விழுந்திருந்தது. நான்கு பேர் கட்டத்தில் போட்டிருந்த தேதியிலேயே செத்திருந்தார்கள். இருவர் ஒரு நாள் முன்னே பின்னே.

உயிரோடு இருக்கும் ஒருவரின் அட்டையைத் திறந்து பார்த்தாள். அதிலும் தேதி. இன்னொன்று. அதிலும். மூவாயிரத்து எண்ணூறு பேருக்கும் தேதி போட்டிருந்தது. சிலருக்கு இருபது வருடம் கழித்து. சிலருக்கு வருகிற தீபாவளிக்கு முன்னால்.

மென்பொருளைப் பராமரிக்கும் கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தது. அங்கிருந்து பேசுகிற பையன் பிரணவ். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

“மேடம், அந்தத் தேதிய யாரும் போடலீங்க. அதுவே போட்டுக்கிச்சு.”

“அதுவேன்னா?”

“உங்க டேட்டாபேஸ்ல புரொசீஜர் எல்லாம் தானா உருவாகுதுங்களே, தெரியும்ல?”

தெரியும். புரொசீஜர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரே கேள்வியைத் தினமும் கேட்பதற்காக எழுதி வைத்திருக்கும் ஆணை, அவ்வளவுதான். ‘இன்றைக்கு யார் யாருக்குத் தண்ணீர்?’ ‘இந்த வாரம் யாருக்குக் கண் பரிசோதனை?’ முன்பெல்லாம் அதை எழுத ஆள் வைத்திருந்தார்கள். இப்போது தரவுத்தளம் தன்னிடம் என்னென்ன விவரம் இருக்கிறது என்று பார்த்து, வேண்டிய கேள்விகளைத் தானே எழுதிக்கொள்கிறது. மனிதர்களுக்கு மிச்சம் இருக்கும் வேலை பாராமீட்டர் அமைப்பது. கேள்விக்குள் எந்தெந்த விவரம் போக வேண்டும், எது கட்டாயம், எது காலியாக இருந்தாலும் பரவாயில்லை. அதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டால் போதும்.

“இறந்த தேதி பாராமீட்டர்ல ‘காலியா இருக்கக் கூடாது’ன்னு டிக் போட்டிருக்குதுங்க,” என்றான் பிரணவ். “அப்படிச் சொல்லிட்டா அது எப்படியாவது அதை நெரப்பணுமில்லீங்களா? வயசு, எத்தனை வருஷமா வெயில்ல வேலை, எடை, பாத்தியில நடக்கிற வேகம், எல்லாத்தையும் வெச்சு ஒரு தோராயம் போட்டிருக்குது.”

“உசுரோட இருக்கவங்களுக்கா?”

“அதுக்கு உசுரெல்லாம் தெரியாதுங்க மேடம். கட்டம் நெறஞ்சிருக்கா, காலியா இருக்கான்னு மட்டும்தான் தெரியும்.”

“டிக் போட்டது யாரு?”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். “உங்க ஐடிங்க. மார்ச் மூணு. மொத்தம் இருநூத்தி பதினாறு பாராமீட்டர். எல்லாத்துக்கும் ஒரே டிக்கா போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள், “ஒவ்வொண்ணாப் பாத்துப் போடுக்கா,” என்றாள். “ஒண்ணும் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்,” என்று இவள் பெருமையாகச் சொன்னாள். உப்பளத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். பழைய வருகைப் பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால், கங்காணி பின்னால் உட்கார்ந்து ‘வரவில்லை’ என்று எழுதிக்கொள்வான். நாள் முழுக்க உப்பு வாரியவள் வேலைக்கே வராதவள் ஆகிவிடுவாள். அதனால் கை கழுவுவதற்கு முன்பே போய் நின்று, தன் கட்டம் நிறைகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். காலிக் கட்டம் என்றால் அவர்களுக்குப் பாம்புப் பொந்து மாதிரி.

“சரி, தேதி தோராயம்தான. அதுக்கும் கொம்பையா செத்ததுக்கும் என்ன?”

“தண்ணி வண்டிக்கு அது பத்துப் பத்து நாளாத் திட்டம் போடுதுங்க. அந்தப் பத்து நாளுக்குள்ள இறந்த தேதி வர்றவங்க பேர் திட்டத்துல ஏறாது. செத்தவங்க பேர்ல யாரும் தண்ணி வாங்கி விக்கக் கூடாதுன்னு நீங்கதான் கேட்டு வாங்கினது. கண் பரிசோதனை, ஓய்வுக் கொட்டகை, மருந்து, எல்லாத்துலயும் அதே மாதிரி விட்டுப் போயிரும்.”

“அப்ப, சாவான்னு சொல்லித் தண்ணிய நிப்பாட்டுது. தண்ணிய நிப்பாட்டுனதால சாவுதாவ.”

“அது... அப்படியும் சொல்லலாங்க மேடம்.”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஒரு பேரைத் தட்டின. அன்னப்பழம், வயது அறுபத்தொன்று. அவளுடைய அம்மா.

மே 24.

அன்றைக்கு மே 15. மறுநாள் புதிய பத்து நாள் திட்டம் தொடங்குகிறது.

“பிரணவ், இந்த டிக்க எடுத்துட்டா?”

“எடுத்தாலும் நெறஞ்சது அப்படியேதான் இருக்குங்க. அழிக்கணும்னா நாப்பத்தோரு புரொசீஜரையும் நிறுத்திட்டு முதல்லருந்து எழுத விடணும். ரெண்டு நாள் ஆகும். ரெண்டு நாளும் வண்டி ஓடாது. மூவாயிரத்து எண்ணூறு பேருக்குத் தண்ணி நிறுத்தணும்னா உங்க கமிட்டி கையெழுத்து வேணும்.”

“ஒரு ஆளுக்கு மட்டும் மாத்த முடியுமா?”

“முடியும். ‘கைமுறை மாற்றம்’னு ஒண்ணு இருக்கு பாருங்க. ஒரு ஐடிக்கு, ஒரு திட்டத்துக்கு, ஒரே ஒரு பேருதான். ஆனா மேடம், அதுல என்னன்னா...”

அவள் அழுத்திவிட்டாள். அம்மாவின் தேதி ஒன்பது வருடம் தள்ளிப் போனது.

“என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“அது தனித்தனியாப் போட்ட தேதி இல்லீங்க. போன வருஷம் எத்தனை சாவோ, இந்த வருஷமும் அதே கணக்கு வர்ற மாதிரிப் பரப்பி வெச்சிருக்குது. நீங்க ஒருத்தரை எடுத்தா அந்த இடத்துக்கு இன்னொருத்தர் வந்துருவாங்க.”

அவள் மே 24 என்று போட்டுத் தேடினாள். ஒரு பேர் வந்தது.

மரியபுஷ்பம். வயது நாற்பத்தாறு.

ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு இருபது வயது இருக்கும்போது, உப்பளத்தில் அவளுடைய கடைசி வருடம் அது. நடுப்பாத்தியில் கண் இருட்டிக்கொண்டு விழுந்தாள். புஷ்பம் அக்காதான் ஓடி வந்து தன் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அவள் வாயில் ஊற்றினாள். உப்பளத்தில் யாரும் யாருக்கும் தண்ணீரைத் தானமாகக் கொடுப்பதில்லை. கடனாகத்தான் கொடுப்பார்கள். வாங்கியவள் அதே அளவைத் தன் கையாலேயே கொண்டுவந்து திருப்பித் தர வேண்டும். தண்ணீர் பாக்கி வர வேண்டியவளுக்குச் சாவு கிட்டே வராது என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் ஒன்றிரண்டு சொம்பை வேண்டுமென்றே வசூலிக்காமல் வைத்திருப்பார்கள். அந்த வருடமே ஜெபக்கனி கம்ப்யூட்டர் படிப்புக்குப் போய்விட்டாள். சொம்பு திரும்பவில்லை. எங்கே பார்த்தாலும் புஷ்பம் அக்கா, “ஏளா, என் தண்ணி எங்க?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

மறுநாள் அலுவலக அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பத்து மணிக்கே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வெள்ளைப் பாத்திகள், வெள்ளை அம்பாரங்கள், நடுவில் வரப்பின் மேல் சத்தமில்லாமல் உருண்டு வந்தது வண்டி. குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஒரு பெண் குரல் அதற்கு.

“அன்னப்பழம். இரண்டு லிட்டர்.” நின்றது, ஊற்றியது. அம்மா தலையை அண்ணாந்து குடித்தாள்.

அடுத்து புஷ்பம் அக்கா சொம்பை நீட்டிக்கொண்டு வரப்பின் நடுவிலேயே நின்றாள். வண்டி வேகத்தைக் குறைத்தது. நிற்கப் போகிறது என்றே ஜெபக்கனி நினைத்தாள். அது கல்லைச் சுற்றிப் போவது போல அவளை ஒரு முழம் விலகிச் சுற்றி, மறுபடி வரப்பில் ஏறி, அடுத்தவளின் பேரைச் சொன்னது.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தங்கள் உப்பு வாரும் பலகைகளை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள்.

“பாத்தியா?” என்றாள் புஷ்பம் அக்கா, காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டி. “நான் அதுக்குக் கண்ணுலயே படலளா. நேத்து வரைக்கும் வாய் நெறயப் பேரு சொல்லும்.”

“யாரும் கடன் தரலையாக்கா?”

“யாரு தருவா? வண்டி தாண்டிப் போனவ திருப்பித் தர மாட்டால்லா. அவளுவளச் சொல்லிக் குத்தமில்ல. நானும் கொம்பையா அண்ணனுக்குக் குடுக்கல. அவரு பாத்துக்கிட்டே நின்னாரு. நான் குனிஞ்சு உப்பு வாரிக்கிட்டிருந்தேன்.”

“நீங்க பத்து நாளைக்கு வீட்டுல இருங்கக்கா.”

“வீட்டுக்கு மட்டும் தண்ணி எங்கருந்து வரும்? அட்டை ஒண்ணுதானட்டி.”

ஜெபக்கனி ஸ்கூட்டரிலிருந்து ஐந்து லிட்டர் கேனை இறக்கினாள். வெளித் தண்ணீரை உப்பள வாசலுக்குள் விடமாட்டார்கள். அலுவலகச் சீட்டு இருந்ததால் விட்டார்கள். “தினமும் கொண்டு வாரேன். இருவத்தி நாலு வரைக்கும். அந்தத் தேதி தாண்டிட்டா ஒண்ணுமில்ல.”

புஷ்பம் அக்கா குடித்தாள். வெகுநேரம் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “இது ஆபீசு செஞ்ச தப்புக்கு ஆபீசு தர்ற தண்ணி,” என்றாள். “என் சொம்பு இதுல கழியாது, சொல்லிட்டேன். அது அப்படியே நிக்கட்டும். அது நிக்கிற வரைக்கும் நான் சாவ மாட்டேன்லா?”

“அய்யோ, வட்டியும் சேத்தே தாரேன்க்கா.”

“வட்டி வேண்டாம். சொம்ப மறக்காம இரு.”

திரும்பி வரும்போது ஜெபக்கனிக்கு ஒன்று உறைத்தது. இதே கேனை இதே ஸ்கூட்டரில் அம்மாவுக்கும் சுமந்திருக்கலாம். பட்டன் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் அழுத்தினாள்.

செயலாளர் ஜெயசீலனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் டிக்கையும் மறைக்காமல். அவர் நல்ல மனிதர், ஆனால் கூட்டம் போடாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதவர். “சீசன் நடுவுல ரெண்டு நாள் தண்ணிய நிப்பாட்டுறதாம்மா? லாரி ஏற்பாடு பண்ணணும், கலெக்டர் ஆபீசுக்கு எழுதணும். இருவத்தி நாலாம் தேதி காலைல கமிட்டி வச்சிருக்கேன். நீ வந்து விளக்கிச் சொல்லு. அவங்களுக்கு என் வாயால சொன்னா விளங்காது.”

“அன்னைக்கேவா சார்?”

“வேற நாள் இல்லம்மா.”

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அம்மா கேட்டாள். “எதுக்குளா புஷ்பத்துக்குத் தெனம் தண்ணி சுமக்க? அவளுக்கும் ஒனக்கும் என்ன?”

ஜெபக்கனி சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேதி, டிக், பட்டன், ஒருத்தர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருத்தர் என்பது, எல்லாவற்றையும். அம்மா தரையில் சிந்திய சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அது எனக்கு வந்த தேதி.”

“ஆமாம்மா.”

“அவ அந்தத் தேதிய ஏமாத்திட்டா, அது திரும்ப எங்கிட்ட வருமோ?”

“தெரியலம்மா. வரலாம். அதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிருவோம்.”

அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

எட்டு நாள் ஜெபக்கனி தண்ணீர் சுமந்தாள். புஷ்பம் அக்கா கறுத்து மெலிந்தாள், ஆனால் நின்றாள். ஐந்து லிட்டரில் வீட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஓட்டினாள். ஏழாம் நாள் ஒரு பெண் தைரியமாக வந்து அவளுக்கு அரைச் சொம்பு கடன் கொடுத்தாளாம். “எனக்கு விலை ஏறுது பாரு,” என்று சிரித்தாள்.

இருபத்து நாலாம் தேதி காலை கேனை நிரப்பி, அனுமதிச் சீட்டை அம்மா கையில் கொடுத்தாள் ஜெபக்கனி. “கமிட்டி முடிய மதியம் ஆயிரும். நீ வேலைக்குப் போவும்போது எடுத்துட்டுப் போயிரும்மா. அவ பாத்தி ஒனக்கு அடுத்ததுதான. இன்னைக்கு ஒரு நாள்தான்.”

“வையி. கொண்டு போறேன்,” என்றாள் அம்மா.

கமிட்டியில் பதினோரு பேர். அவள் நின்றுகொண்டே பேசினாள். பழைய வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னபோது தலை நரைத்த இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கங்காணியாக இருந்தவர். “ஒரு கட்டம் காலியா இருந்தா அதுல ஆள் உசுரோட இருக்கான்னு அர்த்தம். அத நான் நெரப்பிட்டேன்,” என்றாள். ஒரு மணிக்குக் கையெழுத்தானது. ஜூன் நாலாம் தேதி எல்லாத் தேதிகளும் அழிக்கப்படும். பதினோரு நாள்தான்.

அவள் வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. உப்பளத்திலிருந்து.

அவள் போய்ச் சேர்ந்தபோது புஷ்பம் அக்காவை ஓய்வுக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். உதடுகளில் உப்புப் பூத்திருந்தது. சொம்பு பக்கத்தில் கிடந்தது, உட்புறம் காய்ந்து. காலையிலிருந்து வரப்புப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பத்து மணிக்கு ஒருமுறை, “ஜெபக்கனி வந்துட்டாளா?” என்று கேட்டாளாம். வண்டி தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது. அந்தத் தாலாட்டுக் குரல் காற்றில் யாருடைய பேரையோ சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மா அடுத்த பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தால், கதவுக்குப் பின்னால் கேன் இருந்தது. மூடி திறக்கவில்லை. மேலே அனுமதிச் சீட்டு இரண்டாக மடித்து வைத்திருந்தது. ஜெபக்கனி தரையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் அம்மா உள்ளே வந்தாள். அன்றைக்கு அவளும் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அவள் உதட்டிலேயே தெரிந்தது.

“அவ பொழச்சா எம்பேரு திரும்ப வரும்னு நீதானளா சொன்ன?” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “முப்பது வருசமா அவளும் நானும் ஒரே வரப்புளா,” என்றாள்.

பதினோரு நாளில் எல்லாத் தேதிகளும் அழியப் போகின்றன என்று ஜெபக்கனி சொல்லவில்லை. அதைச் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அம்மா நம்பி நடந்ததே தான் சொன்ன பேச்சைத்தான் என்பதும் தோன்றியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பிடரி வலித்தது. திரையில் மரியபுஷ்பத்தின் அட்டை. இறந்த தேதிக் கட்டம் நிறைந்திருந்தது: மே 24. கீழே ஒரு வரி, ‘மதிப்பீடு பொருந்துகிறது. உறுதி செய்யவும்.’ அவள் அந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கட்டம் ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு அதுவே தன்னை நிரப்பிக்கொண்டது. மறுபடி அழித்தாள். மறுபடி நிறைந்தது. மூன்றாம் முறை கையை எடுத்துக்கொண்டாள்.

மேசையில் அவளுக்கென்று அலுவலகம் வைக்கும் தண்ணீர் இருந்தது. ஒரு சொம்பு அளவு இருக்கும். அவள் அதைத் தொடவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடுப்பாத்தியில் வாங்கிக் குடித்த ஒரு சொம்புத் தண்ணீர். மரியபுஷ்பத்துக்கு அதை ஜெபக்கனி இன்னும் தர வேண்டும்.